ராஜா ராமண்ணா: தாம்பரத்தில் படித்தார், வாழ்நாள் முழுக்க நியூட்ரான்களை எண்ணினார்

யுரேனியம் 235, யுரேனியம் 238. எழுதிப் பார்த்தால் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. இரண்டும் ஒரே தனிமம். தனிம அட்டவணையில் இரண்டும் உட்கார்ந்திருப்பது ஒரே கட்டத்தில். ஆனால் அணு உலை, அணுகுண்டு, வெளிநாட்டுத் தடை, கல்பாக்கம் என்று இந்திய அணுசக்தியின் கதை பெரும்பாலும் அந்த 3 என்ற வித்தியாசத்தைச் சுற்றியே ஓடியிருக்கிறது. அந்தக் கதையின் நடுவில் நின்ற ஒருவர் தாம்பரத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தவர். தினமும் ஜிஎஸ்டி சாலையில் அந்தக் கல்லூரியைத் தாண்டிப் போகிறவர்களுக்கே இது தெரியாமல் இருக்கலாம். அவர் பெயர் ராஜா ராமண்ணா.

இன்று 20-களில் இருப்பவர்களுக்கு அப்துல் கலாமைத் தெரியும், 1998 பொக்ரானைத் தெரியும். அதற்கு 24 ஆண்டுகள் முன்பு, 1974-ல் இந்தியா முதல் அணுகுண்டுச் சோதனையை நடத்தியபோது டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்தவர் ராமண்ணா. அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ள பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். ஓர் அணுவில் எத்தனை புரோட்டான், எத்தனை நியூட்ரான், எத்தனை எலெக்ட்ரான் என்று எண்ணத் தெரிந்தால் போதும். ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான்.

மைசூர் டு தாம்பரம்

1925 ஜனவரி 28 அன்று மைசூர் சமஸ்தானத்தின் திப்தூரில் பிறந்தார். அப்பா சமஸ்தானத்தின் நீதித்துறையில் பணியாற்றியவர். சின்ன வயதிலேயே பியானோ மீது பைத்தியம். பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியில் படித்தார். பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி.

அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்துக்குப் புதுசு. நூறு ஆண்டுகள் ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்த கல்லூரி, 1937-ல்தான் ஊருக்கு வெளியே, புதர்க்காடு சூழ்ந்த சேலையூர் பக்கம் இடம்பெயர்ந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. மற்றபடி இன்றைய தாம்பரத்தை அதில் தேடக் கூடாது. இங்கேதான் ராமண்ணா 1945-ல் இயற்பியல் ஹானர்ஸ் பட்டம் பெற்றார்.

அந்த வருடத்தைக் கவனியுங்கள். அதே 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா மீது யுரேனியம் 235 குண்டும், நாகசாகி மீது புளூட்டோனியம் 239 குண்டும் விழுந்தன. அணுக்கருவுக்குள் நியூட்ரான் என்று ஒன்று இருப்பதை ஜேம்ஸ் சாட்விக் கண்டுபிடித்தது 1932-ல்; ராமண்ணாவுக்கு அப்போது ஏழு வயது. யுரேனியம் அணு பிளக்கிறது என்று ஜெர்மனியில் கண்டறிந்தது 1938 இறுதியில். அப்போது அவர் பள்ளி மாணவர். இன்று பாடப்புத்தகத்தில் பழைய சமாச்சாரமாகத் தெரிவது எல்லாம் அவர் படித்த காலத்தில் சுடச்சுட வந்துகொண்டிருந்த செய்தி.

எண்ணுவது எப்படி?

ஓர் அணுவுக்கு இரண்டு எண்கள். அணு எண் என்பது புரோட்டான்களின் எண்ணிக்கை. தனிமம் எது என்பதை இதுதான் முடிவு செய்கிறது. 92 புரோட்டான் இருந்தால் அது யுரேனியம், 91 என்றாலும் 93 என்றாலும் அது வேறு ஆள். நிறை எண் என்பது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த மொத்தம். ஆக, நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் கிடைப்பது நியூட்ரான்.

எலெக்ட்ரான்? அணு நடுநிலையாக இருந்தால், அதாவது மொத்த மின்னூட்டம் பூஜ்ஜியம் என்றால், புரோட்டான் எத்தனையோ எலெக்ட்ரானும் அத்தனை. ஒன்று நேர் மின்னூட்டம், இன்னொன்று எதிர் மின்னூட்டம், சரிக்குச் சரி. நியூட்ரானுக்கு மின்னூட்டமே கிடையாது என்பதால் இந்தக் கணக்கில் அதற்கு வேலை இல்லை.

இப்போது யுரேனியம் 235-ஐ எண்ணுவோம். புரோட்டான் 92. நியூட்ரான் 235 கழித்தல் 92, அதாவது 143. எலெக்ட்ரான் 92. யுரேனியம் 238-ல் புரோட்டான் 92, நியூட்ரான் 146, எலெக்ட்ரான் 92. நியூட்ரானைத் தவிர எல்லாம் அப்படியே. இப்படி ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடை கொண்ட அணுக்களுக்குத்தான் ஐசோடோப் என்று பெயர். கிரேக்க மொழியில் ஒரே இடம் என்று பொருள்.

தேர்வில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. தனிம அட்டவணையில் குளோரினுக்கு 35.45 என்று போட்டிருக்கும். அதிலிருந்து 17-ஐக் கழித்து 18.45 நியூட்ரான் என்று எழுதினால் தப்பு. முக்கால் நியூட்ரான், அரை நியூட்ரான் எல்லாம் கிடையாது. 35.45 என்பது இயற்கையில் கிடைக்கும் குளோரின் 35, குளோரின் 37 இரண்டும் கலந்த கலவையின் சராசரி. எண்ணும்போது எந்த ஐசோடோப் என்று கேட்டு, அதன் நிறை எண்ணைத்தான் எடுக்க வேண்டும். முதலாவதில் 18 நியூட்ரான், இரண்டாவதில் 20.

இயற்கை யுரேனியத்திலும் இதே கலவைதான். ஆனால் விகிதம் ரொம்ப மோசம். ஆயிரம் அணுக்களை எடுத்தால் சுமார் 993 அணுக்கள் 238. சுமார் 7 மட்டுமே 235. வேண்டியது அந்த 7 தான்.

வேதியியல் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்

ஏன் அந்த 7? நியூட்ரான்கள் ஜோடியாக இருப்பதையே விரும்புகின்றன. 143 ஒற்றைப்படை, ஒரு நியூட்ரான் தனியாக நிற்கிறது. வெளியிலிருந்து மெதுவாக ஒரு நியூட்ரான் வந்து சேர்ந்தால் ஜோடி அமைகிறது, அந்தச் சேர்க்கையில் வெளியாகும் ஆற்றலே கருவைப் பிளக்கப் போதுமானதாகிவிடுகிறது. 146 இரட்டைப்படை, புதிதாக வரும் நியூட்ரானுக்கு ஜோடி இல்லை, வெளியாகும் ஆற்றல் குறைவு, மெதுவான நியூட்ரானால் அதைப் பிளக்க முடியாது. வேகமான நியூட்ரான் வந்தால் மட்டுமே பிளக்க வாய்ப்பு.

சரி, 235-ஐ மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் சிக்கல். அமிலத்தில் கரைப்பது, வீழ்படிவாக்குவது என்று வேதியியலில் நாம் செய்யும் அத்தனையும் எலெக்ட்ரான்களின் வேலை. இரண்டு ஐசோடோப்பிலும் அதே 92 எலெக்ட்ரான். எனவே இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வினைபுரியும். மிச்சம் இருக்கும் ஒரே துருப்பு எடை. அதுவும் ஒன்றேகால் சதவீத வித்தியாசம்தான். அதை வைத்து வாயு நிலையில் திரும்பத் திரும்பச் சலித்துத்தான் பிரிக்க வேண்டும். இதைத்தான் செறிவூட்டல் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இதற்காகவே ஓக் ரிட்ஜில் பிரம்மாண்டமான ஆலைகளைக் கட்டியது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஒரு நாட்டுக்கு அது கட்டுப்படியாகிற விஷயமில்லை.

பியானோ வழியாக வந்த வேலை

ஹோமி பாபாவும் ராமண்ணாவும் முதலில் சந்தித்தது 1944-ல். ஏதோ ஆய்வரங்கில் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வாளர் ஒருவர் இருவருக்கும் நண்பர். மேற்கத்திய இசைதான் இருவரையும் சேர்த்துவைத்தது. பாபாவும் இசைப் பிரியர். பிறகு ராமண்ணா டாடா உதவித்தொகையில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போய் அணுக்கரு இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார். லண்டன் கச்சேரி அரங்குகளையும் அவர் சும்மா விட்டுவைக்கவில்லை. 1949 டிசம்பரில் மும்பை திரும்பி, பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

1956 ஆகஸ்ட் 4 அன்று இந்தியாவின் முதல் அணு உலை அப்சரா டிராம்பேயில் உயிர்பெற்றது. ஆசியாவிலேயே, சோவியத் யூனியனை விட்டுவிட்டால், அதுதான் முதல். பெயர் வைத்தவர் நேரு. நீர்த்தொட்டிக்குள் தொங்கும் சிறிய உலை. அதற்கான செறிவூட்டிய யுரேனியம் பிரிட்டனிலிருந்து வந்தது. அதை இயக்கத்துக்குக் கொண்டுவந்த குழுவில் முக்கியமானவர் ராமண்ணா. அடுத்த ஆண்டே டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு. இன்றுவரை அணுசக்தித் துறையின் விஞ்ஞானிகள் கணிசமானோர் அந்தப் பள்ளி வழியாகத்தான் வருகிறார்கள். இதைத்தான் அவரது பெரிய சாதனை என்று சொல்ல வேண்டும். குண்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

அப்சரா கிடைத்ததும் ராமண்ணா செய்தது ஆய்வு. யுரேனியம் 235 பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான்கள் எத்தனை, எந்தத் திசையில், எவ்வளவு ஆற்றலோடு என்று அளப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மின்னூட்டமே இல்லாத துகளை எப்படி எண்ணுவது? எந்தக் கருவியிலும் அது நேரடியாகத் தடம் பதிக்காது. அதனால் இன்னொரு அணுவைத் தூண்டிலாகப் போட வேண்டும். வழக்கமான தூண்டில் போரான் 10. அதில் 5 புரோட்டான், 5 நியூட்ரான். ஒரு நியூட்ரானை விழுங்கியதும் அது லித்தியம் 7 ஆகவும் ஹீலியம் 4 ஆகவும் உடைகிறது. முன்னதில் 3 புரோட்டான், 4 நியூட்ரான். பின்னதில் 2, 2. கூட்டிப் பாருங்கள், 5 புரோட்டான், 6 நியூட்ரான், கணக்கு நேராகிறது. மின்னூட்டம் கொண்ட இந்த இரண்டு துண்டுகளும் கருவியில் ஒரு துடிப்பை உண்டாக்கும். ஒரு துடிப்பு என்றால் ஒரு நியூட்ரான்.

யுரேனியம் பிளப்பதும் இதே மாதிரி கணக்குதான். யுரேனியம் 235 ஒரு நியூட்ரானை வாங்கியதும் கையில் 92 புரோட்டான், 144 நியூட்ரான். பல விதமாகப் பிளக்கலாம். ஒரு விதத்தில் பேரியம் 141, கிரிப்டான் 92, கூடவே 3 தனி நியூட்ரான். பேரியத்தில் 56 புரோட்டான், 85 நியூட்ரான். கிரிப்டானில் 36 புரோட்டான், 56 நியூட்ரான். மொத்தம் 92 புரோட்டான். 85, 56, 3 சேர்த்தால் 144 நியூட்ரான். ஒன்றுகூடத் தொலையவில்லை. அந்த 3 தனி நியூட்ரான்கள் பக்கத்து அணுக்களைப் போய்த் தட்டுவதுதான் தொடர்வினை. சராசரியாக ஒரு பிளவுக்கு இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவாக நியூட்ரான் கிடைக்கும். உலையில் அதில் ஒன்று மட்டும் அடுத்த பிளவை உண்டாக்கும்படி கட்டுப்படுத்துகிறோம். குண்டில் அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிடுகிறார்கள்.

இதில் ராமண்ணாவைத் துளைத்த கேள்வி வேறு. கரு சரிபாதியாக உடையாமல் ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு சிறிது என்று ஏன் உடைகிறது? அவர் முன்வைத்த கோட்பாடு சுவாரசியமானது. முழுதாகப் பிரிவதற்கு முன், உருவாகிக்கொண்டிருக்கும் இரண்டு துண்டுகளும் கழுத்துப் பகுதி வழியாகப் புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் தற்செயலாகக் கொடுத்து வாங்கிக்கொள்கின்றன; கடைசியில் யாரிடம் எத்தனை என்பதை நிகழ்தகவு முடிவு செய்கிறது. சொத்துப் பிரிக்கும் அண்ணன் தம்பி போல என்று வைத்துக்கொள்ளலாம், கழுத்து அறுகிற கணத்தில் கையில் இருப்பதுதான் பங்கு. 1963-ல் இயற்பியலுக்கான பட்நாகர் விருது அவருக்குக் கிடைத்தது.

கனநீர் என்ன செய்கிறது?

செறிவூட்டல் கட்டுப்படியாகாது என்றால் மாற்று வழி? இயற்கை யுரேனியத்தையே எரிபொருளாக வைத்துக்கொண்டு, நியூட்ரான்களைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது. உலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க ஒரு பொருள் வேண்டும். சாதாரண தண்ணீர் வேகத்தை நன்றாகவே குறைக்கும். ஆனால் அதில் உள்ள ஹைட்ரஜன் அணுவில் 1 புரோட்டான், 1 எலெக்ட்ரான், நியூட்ரான் பூஜ்ஜியம். வருகிற நியூட்ரான்களில் சிலவற்றை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஆயிரத்தில் 7 பேரை நம்பி நடத்தும் குடும்பத்துக்கு அந்த இழப்பு தாங்காது.

டியூட்டீரியம் என்ற ஐசோடோப்பில் 1 புரோட்டான், 1 நியூட்ரான், 1 எலெக்ட்ரான். ஏற்கெனவே ஒரு நியூட்ரானை வைத்திருப்பதால் இன்னொன்றை அது அரிதாகவே வாங்கும். இந்த டியூட்டீரியத்தால் ஆன தண்ணீர்தான் கனநீர். குடித்துப் பார்த்து எளிதில் வித்தியாசம் சொல்ல முடியாது, விலையில் சொல்லிவிடலாம்.

1960-ல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய சைரஸ் உலை இந்த வகை. கனடா உலையைக் கொடுத்தது. அமெரிக்கா கனநீரைக் கொடுத்தது. அமைதிப் பயன்பாட்டுக்கு மட்டும் என்பது பேச்சு. ஆனால் அந்த உலைக்குள் எரிபொருளில் 99 சதவீதத்துக்கு மேல் இருக்கும் யுரேனியம் 238 சும்மா இருக்கவில்லை. கணக்கைத் தொடர்வோம்.

யுரேனியம் 238 ஒரு நியூட்ரானை விழுங்கினால் யுரேனியம் 239. புரோட்டான் 92, நியூட்ரான் 147. இது நிலைக்காது. உள்ளே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலெக்ட்ரானை வெளியே எறிகிறது. இப்போது புரோட்டான் 93, நியூட்ரான் 146; பெயர் நெப்டியூனியம் 239. மொத்தம் மாறவில்லை, தனிமம் மாறிவிட்டது. வெளியே பறந்த எலெக்ட்ரான் போய்விட்டது; அணு தன் சுற்றுப்புறத்திலிருந்து ஒரு எலெக்ட்ரானைச் சேர்த்துக்கொண்டு 93-க்கு 93 என்று மறுபடி நடுநிலையாகும். சில நாட்களில் இதே மாற்றம் இன்னொரு முறை நடக்கிறது. புரோட்டான் 94, நியூட்ரான் 145, எலெக்ட்ரான் 94. இதுதான் புளூட்டோனியம் 239.

145-ஐக் கவனித்தீர்களா? ஒற்றைப்படை. அதாவது 235 போலவே எளிதில் பிளக்கும். அதைவிட முக்கியம், எலெக்ட்ரான் 94. பயன்படுத்திய எரிபொருளில் மிச்சமிருக்கும் யுரேனியத்துக்கு 92. இந்த இரண்டு எலெக்ட்ரான் வித்தியாசம் போதும். வேதியியலுக்குக் கண் திறந்துவிடும். அமிலத்தில் கரைத்து, கரைப்பான்களால் புளூட்டோனியத்தைத் தனியே பிரித்துவிடலாம். பிரம்மாண்டமான செறிவூட்டல் ஆலை வேண்டாம். 1960-களின் நடுவில் டிராம்பேயில் அதற்கான மறுசுழற்சி ஆலை தயாராகிவிட்டது. செறிவூட்டும் வசதி இல்லாத இந்தியாவுக்குக் குண்டுக்கான பாதை திறந்தது இந்தக் கதவு வழியாகத்தான்.

1974

1966 ஜனவரியில் பாபா விமான விபத்தில் இறந்தார். 1971 கடைசியில் விக்ரம் சாராபாயும் போய்விட்டார். 1972-ல் ராமண்ணா டிராம்பே மையத்தின் இயக்குநரானார். அதே ஆண்டு மே 18-ல் பூர்ணிமா என்ற சிறிய புளூட்டோனியம் உலை பி.கே.ஐயங்கார் தலைமையில் இயங்கத் தொடங்கியது. வேகமான நியூட்ரான்கள் புளூட்டோனியத்தில் எப்படிப் பெருகுகின்றன என்பதை அது நேரடியாகக் காட்டியது. ஒரு குண்டை வடிவமைக்கத் தேவையான அறிவும் அதுவேதான்.

சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1974 மே 18, ராஜஸ்தானின் பொக்ரான் பாலைவனம். விஷயம் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆர்.சிதம்பரம் அந்தக் குழுவில் முக்கியமானவர். 1998 சோதனையின்போது அவர்தான் அணுசக்தி ஆணையத்தின் தலைவர். காலை 8 மணிக்கு வெடிக்க வேண்டியது. கடைசிச் சரிபார்ப்புக்குப் போன பொறியாளரின் ஜீப் ஸ்டார்ட் ஆகாததால் ஐந்து நிமிடம் தள்ளிப்போய் 8.05-க்கு வெடித்தது. உலகத்தின் கணக்கை மாற்றிய காலையில் ஒரு ஜீப் தகராறு.

அரசு இதை அமைதிக்கான அணு வெடிப்பு என்று அறிவித்தது. கனடா அதை ஏற்கவில்லை. தான் கொடுத்த சைரஸிலிருந்து வந்த புளூட்டோனியம்தான் வெடித்தது என்ற கோபத்தில் ஒத்துழைப்பை நிறுத்தியது. அணுப் பொருள் விற்கும் நாடுகள் ஒன்றுகூடி, இன்று அணுசக்தி விநியோக நாடுகள் குழு என்று அழைக்கப்படும் அமைப்பை உருவாக்கியதற்கும் இந்த வெடிப்புதான் காரணம். அடுத்த ஆண்டு ராமண்ணாவுக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது.

அமைதி என்ற அந்தச் சொல்லை இந்தியா பல ஆண்டுகள் காப்பாற்றி வந்தது. 1997-ல் ராமண்ணாவே ஒரு செய்தி நிறுவனப் பேட்டியில், 1974-ல் வெடித்தது குண்டுதான் என்று ஒப்புக்கொண்டார். வெடித்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. புளூட்டோனியத்தின் 145 நியூட்ரானுக்கு அமைதி, போர் என்ற பேதம் தெரியாது. அந்தப் பேதத்தைச் சொல்ல வேண்டியது மனிதர்கள். இவ்வளவு காலம் அதைச் சொல்லாமல் விட்டது ராமண்ணாவின் வாழ்க்கையில் எளிதில் கடந்துபோக முடியாத பகுதி. அவரை ஹீரோவாக மட்டும் எழுதும் கட்டுரைகள் இந்த இடத்தில் வேகமாக நகர்ந்துவிடுகின்றன.

பில் கல்பாக்கத்துக்கு வந்தது

பொக்ரானின் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தது, தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் வரும் கல்பாக்கம். அங்கே 1969-ல் பிரான்சுடன் செய்த ஒப்பந்தத்தின் அடிப்படையில் வேக ஈனுலை ஒன்றைக் கட்டும் திட்டம் இருந்தது. ஈனுலை என்றால், எரிக்கிற எரிபொருளைவிட அதிக எரிபொருளைப் பிரசவிக்கக் கூடிய உலை. மேலே பார்த்த 238-லிருந்து 239 என்ற அதே கணக்கு. அதற்குச் செறிவூட்டிய யுரேனியத்தைத் தர வேண்டியது பிரான்ஸ். 1974-க்குப் பிறகு அது வரவில்லை.

கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். செறிவூட்டிய யுரேனியம் இல்லை, புளூட்டோனியம் இருக்கிறது. 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைடு, 30 சதவீதம் யுரேனியம் கார்பைடு என்று ஒரு கலவையை உருவாக்கினார்கள். உலகில் யாரும் முழு உலையை இயக்கப் பயன்படுத்தியிராத எரிபொருள் அது. 1985 அக்டோபர் 18 அன்று அந்த உலை இயங்கத் தொடங்கியது. அப்போது அணுசக்தி ஆணையத்தின் தலைவர் ராமண்ணா. 1983 முதல் 1987 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983 ஜூலை 2 அன்று இயங்கத் தொடங்கியதும் இதே காலகட்டம்தான். இயற்கை யுரேனியம், கனநீர் என்ற பழைய கணக்கு. ஆனால் இந்த முறை கனடா பக்கத்தில் இல்லை. உதவி நின்றதால் தாமதம், தாமதத்தால் செலவு. உள்ளூரிலேயே எல்லாவற்றையும் செய்யக் கற்றுக்கொண்டதும் அதனால்தான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்தது தோரியம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் இது இருக்கிறது. தோரியம் 232-ல் புரோட்டான் 90, நியூட்ரான் 142, எலெக்ட்ரான் 90. 142 இரட்டைப்படை, எனவே மெதுவான நியூட்ரானுக்கு மசியாது. ஆனால் ஒரு நியூட்ரானை ஊட்டினால் தோரியம் 233. அதில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாற, 91 புரோட்டான் கொண்ட புரோட்டாக்டினியம் 233. இன்னொன்று மாற, யுரேனியம் 233. புரோட்டான் 92, நியூட்ரான் 141, எலெக்ட்ரான் 92. மறுபடியும் ஒற்றைப்படை, மறுபடியும் எரிபொருள். தோரியத்தைவிட இரண்டு எலெக்ட்ரான் அதிகம் என்பதால் வேதியியலாலேயே பிரித்துவிடலாம். 1996-ல் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிய காமினி என்ற குட்டி உலைக்கு எரிபொருள் இந்த யுரேனியம் 233 தான். திறன் 30 கிலோவாட். சில வீடுகளுக்குத்தான் போதும். மின்சாரத்துக்கு அல்ல, நியூட்ரான்களை வைத்துப் பொருட்களின் உட்புறத்தைப் படம் பிடிக்க.

கடைசி ஆண்டுகள்

பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர், வி.பி.சிங் அரசில் 1990-ல் பாதுகாப்புத் துறை இணை அமைச்சர், 1997 முதல் 2003 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினர் என்று பதவிகள் வந்துகொண்டே இருந்தன. பெங்களூருவில் 1988-ல் தொடங்கிய தேசிய மேம்பட்ட ஆய்வுகள் நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. பியானோவை மட்டும் விடவில்லை. ராகங்களையும் மேற்கத்திய இசையையும் ஒப்பிட்டு 1993-ல் ஒரு புத்தகமே எழுதினார். அங்கேயும் கணக்குதான், சுருதிகளுக்கு இடையே உள்ள விகிதங்களின் கணக்கு.

2004 செப்டம்பர் 24 அன்று மும்பையில் காலமானார். வயது 79. அடுத்த ஆண்டு, அவர் காலத்தில் இந்தூரில் தொடங்கப்பட்ட துகள் முடுக்கி, லேசர் ஆராய்ச்சி மையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.